எண்ணைப் பார்த்து வயதைச் சொல்லாதீர்கள்: மதராஸ் குதிரைப்படையின் ஈட்டிப் பேட்ஜ்

குறுக்கே வைத்த இரண்டு ஈட்டி, இரண்டு முனையிலும் சின்னக் கொடி, ஈட்டிகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் 16 என்ற எண், கீழே சுருள் பட்டையில் ‘லைட் கேவல்ரி’, அதாவது இலகு குதிரைப்படை. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து வீடுகளில் டிரங்குப் பெட்டியைக் குடையும்போது எப்போதாவது இப்படி ஒரு பேட்ஜ் கிடைக்கும். கிடைத்ததும் ‘திப்பு காலத்துச் சாமான்’ என்ற பேச்சு கிளம்பிவிடும். இதில் பாதி உண்மை. ரெஜிமென்ட் திப்புவோடு சண்டை போட்டது உண்மை. அந்த பேட்ஜ் அங்கே இருந்ததில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் குடும்பத்துக்குத் தன் வரலாறு சரியாகக் கிடைக்கும். வாங்க நினைப்பவருக்குக் காசும் மிஞ்சும்.

முதலில் எண். இந்தியக் குதிரைப்படையில் எண்ணை நம்பி வயதைச் சொன்னால் தலைகீழாகிவிடும். இன்று 16 என்று இருக்கும் ரெஜிமென்ட் 1776-க்கு முன்பே ஆற்காட்டு நவாபின் சேவையில் மூன்றாவது குதிரை ரெஜிமென்டாக இருந்தது. 1784-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதைத் தன் மதராஸ் படைக்கு எடுத்துக்கொண்டது. அந்த நூற்றாண்டு முடியும் முன்பே அதன் எண் 2 ஆகிவிட்டது. 1886-இல் இரண்டாவது மதராஸ் லான்சர்ஸ் (ஈட்டி ஏந்தும் குதிரைப்படை). 1903-இல் 27-ஆம் லைட் கேவல்ரி. 1922-இல் 16-ஆம் லைட் கேவல்ரி. ஒரே படைக்கு 3, 2, 27, 16 என்று நான்கு எண்.

கூடப்பிறந்தவை இரண்டு. 1784-இல் கிண்டியில் எழுப்பியது பிறகு மூன்றாவது மதராஸ் ரெஜிமென்ட் ஆனது. 1903-இல் அது 28, 1922-இல் 7. அடுத்தது 1787-இல் ஐந்தாவதாகப் பிறந்து முதலாவதாக எண் மாறியது. 1903-இல் அது 26. 1922-இல் 30-ஆம் லான்சர்ஸ் என்ற கார்டன்ஸ் ஹார்ஸோடு சேர்ந்து 8. மூன்றிலும் மூத்தது 16, இளையது 8, நடுவில் 7. எண்ணை மட்டும் பார்த்து யாராவது இந்த வரிசையைச் சொல்ல முடியுமா?

1922-இல் நடந்ததைக் கணக்காகவே சொல்லிவிடலாம். அதுவரை இந்தியக் குதிரைப்படையில் 39 ரெஜிமென்ட். அவற்றில் 36-ஐ இரண்டிரண்டாகச் சேர்த்து 18 ஆக்கினார்கள். தனியே விட்டது மூன்று: கைட்ஸ் குதிரைப்படை, 27, 28. மொத்தம் 21. அந்த இருபத்தொன்றுக்கும் புதிய எண் கொடுத்தார்கள். ஆகவே 1922-க்கு முந்திய 16-உம் பிந்திய 16-உம் வேறு வேறு. பழைய 16-ஆம் கேவல்ரி வங்காளப் படையைச் சேர்ந்தது. அது 13-ஆம் லான்சர்ஸோடு சேர்ந்து புதிய 6 ஆனது, 1947-இல் பாகிஸ்தானுக்குப் போனது. பேட்ஜில் எண்ணோடு ‘கேவல்ரி’ மட்டும் இருக்கிறதா, ‘லைட் கேவல்ரி’ இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொல்வது இதனால்தான்.

இதைவிடப் பெரிய குழி இன்னொன்று உண்டு. பிரிட்டிஷ் ராணுவத்திலும் ஒரு 16-ஆம் லான்சர்ஸ் இருந்தது. அதன் பேட்ஜிலும் குறுக்கு ஈட்டி, அதிலும் 16. அந்தப் படை இந்தியாவிலும் சேவை செய்தது. 1846-இல் அலிவால் போரில் அது ஈட்டியோடு பாய்ந்தது இன்றும் அவர்கள் கொண்டாடும் நிகழ்ச்சி. எண்ணுக்கு மேலே கிரீடம், சுருளில் ‘தி குயின்ஸ் லான்சர்ஸ்’ என்று இருந்தால் அது அவர்களுடையது. அதற்கும் ஆற்காட்டுக்கும் எந்த உறவும் இல்லை. சுருள் உடைந்துபோன பேட்ஜ்களை ‘மதராஸ் லான்சர்ஸ்’ என்று சொல்லி விற்பது நடக்கிறது. சுருள் இல்லாத 16-ஐ விலை கொடுத்து வாங்க வேண்டாம்.

அடுத்தது ஈட்டி. காலத்தைக் கணிக்க இதைவிட நல்ல அடையாளம் இல்லை. மதராஸ் ரெஜிமென்ட்களில் முதல் இரண்டும் லான்சர்ஸ் ஆனது 1886-இல். மூன்றாவது 1891-இல். அதற்கு முன்னால் இவை வாளும் துப்பாக்கியும் ஏந்திய இலகு குதிரைப்படை. ஆகவே ஈட்டி இருந்தால் 1886-க்கு முந்தியது என்ற பேச்சுக்கே இடமில்லை. சோளிங்கர் போர் 1781 செப்டம்பர் 27-இல் நடந்தது. ஹைதர் அலியின் படையைக் கம்பெனித் தளபதி அயர் கூட் எதிர்த்த அந்தக் களம் 16-இன் போர்ச் சிறப்புகளில், அதாவது போரிட்டதற்காகப் படை பெருமையாகச் சுமக்கும் களப் பெயர்களில், முதலாவது. பின்னால் கர்நாடிக், மைசூர், ஸ்ரீரங்கப்பட்டணம் என்று வரும். இத்தனையையும் அந்தப் படை குறுக்கு ஈட்டிச் சின்னம் இல்லாமலேதான் சம்பாதித்தது. 1903-இல் பெயரிலிருந்து ‘லான்சர்ஸ்’ போய் ‘லைட் கேவல்ரி’ வந்த பிறகும் ஈட்டி சின்னத்தில் தங்கிவிட்டது. ‘மதராஸ்’ என்ற சொல்லும் அப்போதே போய்விட்டது. பெயரில் மதராஸ், சின்னத்தில் ஈட்டி, இரண்டும் சேர்ந்து இருந்தால் 1886 முதல் 1903 வரையிலான அந்தப் பதினேழு ஆண்டுகளுக்குள் அடங்கும். அரிய சாமான். கவனமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சிலர் கேட்பார்கள், சிப்பாய்கள் அந்தக் காலத்தில் என்ன அணிந்தார்கள் என்று. சாம்பல் கலந்த இளநீலம். அதை ‘பிரெஞ்சு கிரே’ என்பார்கள். கழுத்துப்பட்டையும் கைமடிப்பும் வெளிர்மஞ்சளில் இருக்கும், அது ‘பஃப்’. 26, 27, 28 மூன்றுக்கும் இந்த உடை பொது. தலையில் தலைப்பாகை. சாதாரணக் குதிரைவீரர் தலைப்பாகையில் உலோகச் சின்னம் குத்துவது வழக்கமாக இருக்கவில்லை. அவர் அடையாளம் தோளில் இருந்த பித்தளை எழுத்து. அதிகாரிகளுக்குத்தான் வெள்ளிப் பேட்ஜ், பொத்தான், வார்ப்பட்டைத் தகடு எல்லாம். ஆகவே முதல் உலகப்போருக்கு முந்திய ‘சிப்பாயின் தொப்பி பேட்ஜ்’ என்று யாராவது காட்டினால் சந்தேகத்தோடு பாருங்கள். வளைந்த பித்தளையில் எண்ணும் எழுத்தும் மட்டும் உள்ள தோள் எழுத்து அழகாக இருக்காது, விலையும் குறைவாக இருக்கும். ஆனால் சிப்பாய் உண்மையில் அணிந்தது அதைத்தான்.

கிரீடம் இருந்தால் அதையும் படிக்க வேண்டும். விக்டோரியா காலக் கிரீடத்தின் இரண்டு வளைவும் உச்சியில் சற்று அமுங்கி, பக்கங்கள் வெளியே பிதுங்கி இருக்கும். 1901-க்குப் பிறகு வந்த அரசர் கிரீடத்தின் வளைவு நடுவில் அமுங்காமல் குவிமாடம் போல உருண்டிருக்கும். 1950 ஜனவரி 26-இல் கிரீடம் போய் அசோகச் சிங்கம் வந்தது. 16-இன் குறுக்கு ஈட்டி பெரிதாக மாறவில்லை என்பதால், பேட்ஜை மட்டும் வைத்து 1930-ஆ 1960-ஆ என்று சொல்வது கடினம். கூடவே கிடைக்கும் பொத்தானில் கிரீடமா சிங்கமா என்று பார்த்தால் முடிந்தது. ஒரே பெட்டியில் கிடைத்தவற்றைப் பிரிக்காமல் வைத்திருங்கள். பேட்ஜை ஒருவருக்கும் பொத்தானை இன்னொருவருக்கும் கொடுத்துவிட்டால் இரண்டும் ஊமையாகிவிடும்.

நம் மாவட்டத்துக்கு வருவோம். இங்கே இந்தப் பேட்ஜ் கிடைப்பது ஏன் அபூர்வம்? 1956 நவம்பர் 1 வரை இது தமிழ்நாடு அல்ல. கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் நான்கு தாலுகாவும் முதலில் திருவிதாங்கூரில் இருந்தன. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே மதராஸ் மாகாணம், மேற்கே மகாராஜா. அந்தக் கணவாயை மலைக்கு மலை அடைத்துக் கட்டிய மதிலை 1809 பிப்ரவரி 10 விடியலில் கம்பெனிப் படை பிடித்தது. வேலுத்தம்பி தளவாயின் எழுச்சியை அடக்க செயின்ட் லெஜர் தலைமையில் பாளையங்கோட்டைப் பக்கமிருந்து வந்த படை அது. மேஜர் வெல்ஷ் ஒரு பிரிவோடு இரவில் தெற்கு மலையில் ஏறி மேலிருந்து இறங்கினார். மதில் விழுந்தது. சில நாட்களில் நாகர்கோவில் வழி திறந்தது, உதயகிரியும் பத்மநாபபுரமும் பணிந்தன.

அந்தப் படையில் குதிரைவீரர்களும் இருந்தார்கள். மலையேற்றத்தில் குதிரைக்கு வேலை இல்லை, மதிலை அது தாண்டாது. வழி திறந்த பிறகு துரத்தவும், பாதையைப் பிடித்து வைக்கவும், குதிரை இழுக்கும் சிறு பீரங்கியை விரைவாகக் கொண்டுபோகவும்தான் குதிரைப்படை. அந்தச் சிறு பீரங்கியைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. 1806 ஜூலை 10-இல் வேலூரில் சிப்பாய்கள் எழுந்தபோது, ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி 19-ஆம் டிராகூன்கள் என்ற பிரிட்டிஷ் குதிரைப்படையோடும் ஏழாவது மதராஸ் குதிரைப்படையோடும் போனார். கோட்டைக் கதவை உடைத்தது பின்னால் வந்து சேர்ந்த அந்தச் சிறு பீரங்கிதான். நாஞ்சில் நாட்டு வயல்களைப் பார்த்தவருக்கு இன்னொன்றும் புரியும். தண்ணீர் நின்ற நெல்வயலில் குதிரை ஓடாது. வரப்பும் பாதையும்தான் அதற்குக் களம். அதனால் குளக்கரையையும் பாலத்தையும் காப்பவன் கையில்தான் குதிரைப்படையின் தலைவிதி இருந்தது.

அன்றைய மதராஸ் ரெஜிமென்ட்கள் எட்டு. எட்டாவதை 1857-இல் கலைத்தார்கள். ஐந்து, ஆறு, ஏழு 1860-இல் போயின. நான்காவது 1891-இல். 1803 செப்டம்பர் 23-இல் அசாயே போரில் வெல்லெஸ்லியோடு பாய்ந்தவை நான்கு, ஐந்து, ஏழு. அந்த மூன்றும் இன்று இல்லை. அதனால்தான் அந்தப் போரின் நினைவான அசாயே யானைச் சின்னம் குதிரைப்படையில் எஞ்சவில்லை. இன்று அந்த யானையை மதராஸ் ரெஜிமென்ட் என்ற காலாட்படைதான் சுமக்கிறது. யானை பேட்ஜைக் குதிரைப்படைச் சின்னம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள்.

கணவாய்க்கு மேற்கே பிறந்த படைவீரரின் பெட்டியில் அதிகம் கிடைப்பது சங்கு. திருவிதாங்கூர்ப் படைகளின் சின்னம் சங்குதான். சுதந்திரத்துக்குப் பிறகு அந்தப் படை இந்திய ராணுவத்தில் கலந்தது, அதில் ஒரு பிரிவு மதராஸ் ரெஜிமென்ட்டின் ஒன்பதாவது பட்டாலியன் ஆனது. 1741 குளச்சல் போர் அந்தப் பட்டாலியனின் மரபில்தான் வருகிறது. சங்கும் யானையும் ஒரே பெட்டியில் இருந்தால் குழம்ப வேண்டாம். ஒரே மனிதர் இரண்டையும் அணிந்திருக்க முடியும்.

ஈட்டியும் 16-உம் குமரி மாவட்ட வீட்டில் கிடைத்தால் அது பெரும்பாலும் சுதந்திரத்தை ஒட்டியோ அதற்குப் பிறகோ சேர்ந்தவருடையது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சில குலத்தார்தான் போருக்குத் தகுந்தவர் என்ற ‘போர்க்குல’க் கொள்கை வந்து, தென்னிந்தியரைக் குதிரைப்படையிலிருந்து ஒதுக்கினார்கள். ஆற்காட்டில் பிறந்த ரெஜிமென்ட்டில் வடக்கத்தியர்தான் நிரம்பினார்கள். பிறந்த மண்ணின் ஆட்கள் தங்கள் படைக்குத் திரும்பி வர அரை நூற்றாண்டு பிடித்தது. அந்த அநியாயத்தைத் தெரிந்துகொண்டு பார்த்தால், தாத்தாவின் 16 இன்னும் கனமாக இருக்கும். இரண்டாம் உலகப்போரில் இந்தப் படை குதிரையை விட்டுக் கவச வண்டி ஏறி, பர்மாவில் மெய்க்டிலாவில் சண்டையிட்டது. அப்போது அதன் தளபதியாக இருந்தவர் ஜே.என். சௌதுரி, பின்னாளில் ராணுவத் தலைமைத் தளபதி. 1923-இல் இந்திய அதிகாரிகளை அமர்த்தத் தொடங்கியபோது தேர்ந்தெடுத்த எட்டுப் படைகளில் குதிரைப்படை இரண்டுதான், 7-உம் 16-உம். அந்த 7 தான் 1948 நவம்பர் 1-இல் ஸ்டூவர்ட் டாங்கிகளைச் சோஜிலாக் கணவாயில் ஏற்றியது. உயரம் சுமார் 3,500 மீட்டர்.

மதராஸ் குதிரைப்படைக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. சின்னங்கள் ஏன் இவற்றில் ஒரே சீராக இருக்கின்றன என்பதற்கு அது நல்ல விளக்கம். வடக்கே சில்லேதார் முறை. சேரும் வீரர் பணம் கட்டுவார், குதிரையும் சாமானும் ரெஜிமென்ட் நிதி வழியாக அவருடையவை. உடையும் சேணமும் ரெஜிமென்ட்டே ஏற்பாடு செய்துகொள்ளும், கடைவீதியிலும் வாங்கும். 1914-இல் 39-இல் 36 இப்படித்தான். 26, 27, 28 மூன்றுக்கு மட்டும் குதிரையும் ஆயுதமும் அரசாங்கம் கொடுத்தது. சில்லேதார் ரெஜிமென்ட்டின் பேட்ஜில் வார்ப்பும் அளவும் கொஞ்சம் மாறுவதைப் பொறுத்துக்கொள்ளலாம். இந்த மூன்றில் அளவு தாறுமாறாக இருந்தால் பொறுக்க வேண்டாம்.

இனி கையில் எடுத்துப் பார்ப்போம். பின்பக்கத்தை முதலில் பாருங்கள். அச்சில் அடித்த பேட்ஜின் முதுகு குழிந்திருக்கும். முன்னால் ஈட்டி மேடாக இருக்கும் இடத்தில் பின்னால் பள்ளம். விளிம்பு கூர்மையாக வெட்டியிருக்கும். வார்ப்பில் எடுத்த போலியின் முதுகு தட்டையாக, சின்னச் சின்ன மணற்குழிகளோடு இருக்கும். கொடியின் மடிப்பில் நகத்தை ஓட்டினால் அச்சில் அடித்தது தட்டும், வார்ப்பு வழுக்கும். நுட்பமாக அளக்கும் வெர்னியர் கருவி இருந்தால் இன்னும் நல்லது. நிச்சயமான ஒன்றை அச்சாக வைத்து வார்த்தால், உலோகம் குளிரும்போது நீளத்தில் நூற்றுக்கு ஒன்றரை பங்கு அளவு சுருங்கும். 45 மில்லிமீட்டர் அகலமுள்ள பேட்ஜில் அது சுமார் 0.7 மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியாது, கருவி காட்டிக்கொடுக்கும்.

பின்னால் பிடிப்பு இரண்டு வகை. இரண்டு செப்பு வளையம் வைத்து நடுவில் ஊசி செருகுவது ஒன்று, நீளமான தட்டை நாக்கு மற்றது. வளையம் ஒட்டிய இடத்தில் ஈயப்பற்று வெள்ளையாகப் பரவிக் கிடந்தால் பின்னால் யாரோ பழுது பார்த்திருக்கிறார்கள். அது போலி என்று அர்த்தமல்ல. அணிந்த பேட்ஜில் வளையம் உடைவது சகஜம். வடசேரியில் கோயில் நகை செய்யும் ஆசாரிமாரிடம் ஒரு நிமிடம் காட்டினால், அது வெள்ளிப்பற்றா ஈயப்பற்றா, பழையதா நேற்று வைத்ததா என்று சொல்லிவிடுவார்கள். இங்கே அந்தக் கண் உள்ளவர்கள் இருப்பது நமக்கு வாய்ப்பு. அதிகாரியின் வெள்ளிப் பேட்ஜில் நங்கூர முத்திரை இருந்தால் பர்மிங்காமில் சோதித்தது, பக்கத்தில் நடக்கும் சிங்கம் இருந்தால் ஸ்டெர்லிங் வெள்ளி. ஆனால் பழைய அச்சிலேயே பின்னாளில் மறுபடி அடித்தவையும் சந்தையில் உண்டு. அவற்றில் அளவும் முதுகும் சரியாகவே இருக்கும். தேய்மானத்தில்தான் பிடிபடும். உண்மையில் அணிந்த பேட்ஜில் ஈட்டிமுனையும் எண்ணின் விளிம்பும் தேய்ந்து, சுருளின் பள்ளத்தில் பழைய பாலிஷ் வெள்ளையாக இறுகியிருக்கும். மேடும் பள்ளமும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் மருந்து போட்டுக் கறுக்க வைத்தது.

பதக்கம் கூட இருந்தால் அதன் விளிம்பைத்தான் முதலில் படிக்க வேண்டும். இரண்டாம் உலகப்போர் பதக்கங்களில் பிரிட்டிஷ் வீரருக்குப் பெயர் பொறிக்கவில்லை. இந்திய வீரருக்குக் கொடுத்தவற்றில் எண், பதவி, பெயர், படை எல்லாம் பொறித்திருக்கும். நட்சத்திர வடிவப் பதக்கமானால் பின்பக்கம் பாருங்கள். அந்த ஒரு வரி பேட்ஜைவிடப் பெரிய ஆதாரம். பதவிப் பெயரையும் கவனியுங்கள். குதிரைப்படை மரபில் சவார், தஃபேதார், ஜமாதார், ரிசல்தார் என்று வரும். சிப்பாய், நாயக், ஹவில்தார், சுபேதார் என்று வந்தால் காலாட்படை. பழைய மதராஸ் குதிரைப்படை மட்டும் ஒரு காலத்தில் காலாட்படைப் பெயர்களையே வைத்திருந்தது. ஆகவே 19-ஆம் நூற்றாண்டுப் பொருளில் ‘ஹவில்தார்’ என்று கண்டு ஒதுக்கிவிட வேண்டாம்.

கடைசியாகச் சுத்தம். நம் ஊரில் அதிகம் கெடுவது இங்கேதான். விளக்கைத் தேய்ப்பது போலப் புளியும் சாம்பலும் போட்டுக் கதம்பையால் தேய்த்துவிடுகிறார்கள். புளியின் அமிலம் பித்தளையின் மேற்பரப்பைத் தின்றுவிடும், இடையிடையே செம்பு நிறம் வெளியே வரும். சாம்பலும் நாரும் எழுத்தின் விளிம்பைத் தேய்க்கும். பிறகு ‘துருப் பிடிக்காமல்’ என்று தேங்காய் எண்ணெய் தடவுவார்கள். அந்த எண்ணெய் காறிப்போய்ச் செம்போடு சேர்ந்து பச்சைப் பிசினாக இறுகும். எண்ணெய் தடவிய பேட்ஜ் தடவாததைவிடச் சீக்கிரம் கெடுகிறது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பேட்டரிக் கடையில் கிடைக்கும் காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்குங்கள். அமிலம் கலந்த பாட்டில் அதே அலமாரியில் இருக்கும், லேபிளைப் படித்து வாங்குங்கள். அரை லிட்டரில் குழந்தைக் குளியல் சோப்புத் திரவம் நான்கைந்து சொட்டு. மென்மையான பல்துலக்கியால் பள்ளங்களை மட்டும் மெல்லத் துலக்கி, சுத்தமான அதே தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள். குழாய்த் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம், கடலோரத்துக் கிணற்றில் உப்பு இருக்கும். பச்சைப் பிசினை மூங்கில் குச்சியின் முனையால் கிளப்புங்கள், ஊசி கூடாது. துடைத்த மறுநாளே வெளிர்பச்சைப் பொடி திரும்பி வந்தால் உள்ளே கடல் உப்பு இருக்கிறது. குளச்சல், முட்டம் பக்கத்து வீட்டுச் சாமான்களில் இது அடிக்கடி வரும். ஒரு வாரம் காய்ச்சி வடித்த தண்ணீரில் போட்டு, தினம் ஒரு முறை தண்ணீர் மாற்றினால் அடங்கும். எனாமல் பூச்சு உள்ளதையும் துணியில் தைத்ததையும் ஊற வைக்காதீர்கள்.

நன்றாகக் காய வைத்துச் சிறு பாலித்தீன் உறையில் தனித்தனியாக வையுங்கள். ரப்பர் வளையம் போடக் கூடாது, அதில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். கம்பளித் துணியும் அப்படியே. மரப்பெட்டியைவிட இரும்பு அலமாரி நல்லது. இரண்டு மழைக்காலமும் உள்ள ஊர் இது. உறைகளை ஒரு இறுக்கமான டப்பாவில் போட்டு, நிறம் மாறும் சிலிக்கா ஜெல் 50 கிராம் கூட வையுங்கள். ஜூனிலும் அக்டோபரிலும் திறந்து பாருங்கள். நிறம் மாறியிருந்தால் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மீண்டும் பயன்படும். உறைமேல் பென்சிலால் எழுதிய சீட்டு ஒன்று: யாருடைய பெட்டி, எந்த வீடு, கூட என்னென்ன இருந்தன, என்று எடுத்தது. சேவைப் புத்தகமோ டிஸ்சார்ஜ் சான்றோ இருந்தால் அதன் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து, அசலை மடிக்காமல் வையுங்கள். பென்ஷன் வாங்கிய குடும்பமானால் படை எண் அந்தத் தாளில்தான் இருக்கும். அந்த எண் கையில் இருந்தால் அகமத்நகரில் (இன்று அகில்யாநகர்) உள்ள கவசப்படை ஆவண அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம்.